ஃபாஸ்ட்: நோன்பும் விரைவும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் இறைச்சியும் மீனும் சமைப்பதில்லை. அந்த மாதத்தில் ஆங்கிலத்தில் பேசும்போது, இங்குள்ள எல்லாரையும் போல, 'ஃபாஸ்டிங்' இருக்கிறோம் என்றுதான் சொல்வோம். பன்னிரண்டு வயதான என் பேரன் பள்ளியில் அப்படிச் சொல்லிவிட்டு, மதியம் பருப்புக் கறியும் ரொட்டியும் சாப்பிட்டிருக்கிறான். சாப்பிடுகிறவன் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது பிழை என்று ஆசிரியர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் திருத்தினாராம். "ஃபாஸ்ட் என்றால் வேகம்தானே ஆயா, அதற்கும் விரதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று வந்து கேட்டான். துணிக்கடையில் சாயம் போகாத துணியையும் 'ஃபாஸ்ட் கலர்' என்கிறார்கள். இவை மூன்றும் ஒரே சொல்லா? நாங்கள் சொல்வது பிழைதானா?

வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள அம்மா,

மூன்றும் ஒரே சொல்தான். நீங்கள் சொல்வது பிழையும் அன்று.

ஃபாஸ்ட் என்பதன் முதற்பொருள் உறுதி: அசையாமல், கழலாமல், பிடித்த பிடி விடாமல் இருப்பது. சாயம் போகாத துணியில் இன்றும் அந்தப் பழம்பொருளே வாழ்கிறது. இறுக்கிப் பிடிப்பதை 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்றும், அழுந்திய தூக்கத்தை 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றும், மாற்ற முடியாத விதியை 'ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட்' என்றும் சொல்வதும் அவ்வாறே. கடைசித் தொடர் மாலுமிகளுடையது. தரைதட்டி நகர முடியாமல் நின்ற கப்பலைக் குறித்தது. நகராத கப்பலுக்கும் நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரைக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதுதான் உங்கள் பேரனின் கேள்வி, நல்ல கேள்வி.

உறுதியாகப் பற்றுவது என்ற பொருளிலிருந்து வலுவாக, முழு மூச்சோடு ஒன்றைச் செய்வது என்ற பொருள் இடைக்கால ஆங்கிலத்தில் கிளைத்தது. அடிப்பதும் உழைப்பதும் அவ்வாறு சொல்லப்பட்டன, ஓடுவதும் சொல்லப்பட்டது. முழு மூச்சோடு ஓடுகிறவன் விரைந்துதான் ஓடுவான் என்பதால், காலப்போக்கில் வலு மறைந்து விரைவு மட்டும் நின்றுவிட்டது. தமிழருக்கு இது புதுமையானதன்று. கடுமை என்றால் வன்மை; ஆனால் 'கடுகி வந்தான்' என்றால் விரைந்து வந்தான். 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் 10 பொருள்களில் காப்பும் உண்டு, விரைவும் உண்டு. திருமணத்தில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தைப் பேரனுக்கு நினைவூட்டுங்கள்: கெட்டி என்பது திடம், ஆனால் அந்த நேரத்தில் தவில் ஓங்கியும் விரைந்தும் ஒலிக்கிறது. ஆங்கிலச் சொல் நடந்த வழி அவன் காதுக்கே விளங்கிவிடும்.

இனி நோன்பு. இது விரைவிலிருந்து வந்ததன்று, உறுதியிலிருந்து நேராகக் கிளைத்தது. ஆங்கிலத்தின் உறவு மொழியான கோத்திக்கில் நான்காம் நூற்றாண்டிலேயே விவிலியம் மொழிபெயர்க்கப்பட்டது. அம்மொழியில் 'ஃபாஸ்டன்' என்ற ஒரே வினை, காத்தல், கடைப்பிடித்தல், உண்ணாதிருத்தல் ஆகிய மூன்றையும் குறித்தது. ஆகவே ஒரு நியமத்தை எடுத்துக்கொண்டு அதில் நிலைத்து நிற்பதே இச்சொல்லின் உள்ளீடு. வயிறு முற்றிலும் காலியாக இருப்பது அதன் ஒரு வடிவம் மட்டுமே. கிழக்கத்திய மரபுவழித் திருச்சபையினர் தவக்காலத்தில் இறைச்சியும் பாலும் விலக்கி மற்றவற்றை உண்கிறார்கள். அதையும் ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்றே எழுதுகிறார்கள். அப்படியிருக்க, 1860 முதல் டர்பனை உள்ளடக்கிய நேட்டாலுக்கு வந்த கரும்புத்தோட்டத் தொழிலாளரின் வழிவந்தவர்கள் தங்கள் புரட்டாசி விரதத்துக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதில் என்ன குறை இருக்கிறது? ஆசிரியர் தமக்குப் பழகிய பொருளைச் சொல்லியிருக்கிறார், அதில் தீய எண்ணம் இருந்திராது. ஆயினும் ஒரு சமூகம் தலைமுறைகளாக வழங்கிவரும் வழக்கைக் கேட்டறியாமல், ஒரு சிறுவனை வகுப்பின் முன் தலைகுனியச் செய்தது எனக்கு வருத்தம் தருகிறது.

தமிழும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நோன்பு என்பது நோல் என்னும் வினையிலிருந்து வருவது. பொறுத்தல், தாங்குதல் என்பது அதன் பொருள். 'உற்றநோய் நோன்றல்' என்று தவத்துக்கு வள்ளுவர் இலக்கணம் சொல்லும்போது உணவைப் பற்றிப் பேசவில்லை, வந்த துன்பத்தைத் தாங்குவதைப் பற்றிப் பேசுகிறார். நோன்மை என்றால் வலிமை. திருமுருகாற்றுப்படை முருகனின் வலிய திருவடிகளை 'மதனுடை நோன்றாள்' என்கிறது. தைப்பூசத்தில் காவடி எடுக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தொடரைக் கற்றுக்கொடுக்கலாம். அந்தத் தாளின் நோனும் புரட்டாசி நோன்பும் ஒரே வேரில் பிறந்தவை.

பேரன் பள்ளியில், டச்சு மொழியிலிருந்து பிறந்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸ் படிப்பவன் என்றால் இன்னொரு சான்று அவன் பாடநூலிலேயே இருக்கும். அம்மொழியில் இச்சொல்லின் உடன்பிறப்பு 'ஃபஸ்'. உறுதிக்கும் அதுவே, நோன்பிருப்பதற்கும் அதுவே. ஆனால் விரைவுப் பொருள் அங்கே வரவில்லை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானில், கால் தளர்ந்து வருகிறவர்களைப் பார்த்து 'ஃபஸ்பெய்ட்' என்று குரல் கொடுப்பார்கள். நேர்ப்பொருள் 'இறுகக் கடி'; பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கு என்பது கருத்து. வேகமாக ஓடு என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

வகுப்பில் விரதம் என்ற சொல்லோடு நோன்பு என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். அடுத்த புரட்டாசியில் பள்ளியில் யாரேனும் கேட்டால், அவன் தயங்காமல் அதே ஆங்கிலச் சொல்லையே சொல்லட்டும்.