மகதலேனா மரியாள் யார்?

அன்புள்ள ஐயா,

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பாவியான பெண்தான் மகதலேனா மரியாள் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த என் தோழியோ, அவள் வேறு, மகதலேனா வேறு, மார்த்தாள், லாசருவின் சகோதரியான பெத்தானியா மரியாள் வேறு என்கிறாள். ஒருத்தியா, மூவரா? பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மூவர் என்றே நானும் நம்புகிறேன். உங்கள் தோழி சொல்வதற்குத்தான் வேதத்தில் ஆதாரம் இருக்கிறது.

லூக்கா 7-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பரிசேயனான சீமோன் வீட்டில் விருந்து. பரணியில் பரிமளதைலத்தோடு ஒரு பெண் உள்ளே வந்து, இயேசுவின் பின்னால் நின்று அழுகிறாள். பாதங்களில் விழுந்த கண்ணீரைத் தன் தலைமயிரால் துடைக்கிறாள். அவள் பாவி என்று சொல்லும் லூக்கா, பெயரைச் சொல்லவில்லை. என்ன பாவம் என்றும் சொல்லவில்லை. அடுத்த அதிகாரம் தொடங்கியதுமே, ஏழு பிசாசுகள் நீங்கியவள் என்று மகதலேனாவைப் பெயரோடு அறிமுகப்படுத்துகிறார். சற்றுமுன் வந்துபோன அதே பெண் என்றால் அதைச் சொல்ல அவருக்கு என்ன தடை?

பிசாசு பிடித்திருந்தது என்பதாலேயே ஒருத்தி கெட்டு அலைந்தாள் என்று ஆகிவிடாது. கானானிய ஸ்திரீயின் மகளையும் பிசாசு வாட்டியது. அந்தச் சிறுமியை யாரும் பாவி என்பதில்லையே.

மூவரையும் ஒருத்தியாக்கி மேற்கத்திய சபையில் நிலைநிறுத்தியது போப் முதலாம் கிரகோரி 591-இல் செய்த பிரசங்கம். ஏழு பிசாசுகள் என்றால் எல்லாத் தீய குணங்களும் என்று அவர் விளக்கம் கொடுத்தார். பெத்தானியா மரியாளை இதில் சேர்த்ததற்காவது ஒரு முகாந்தரம் உண்டு. யோவான் 12-இல் அவளும் இயேசுவின் பாதங்களில் நளத தைலம் பூசித் தலைமயிரால் துடைக்கிறாள். ஆனால் மகதலேனா அப்படிச் செய்ததாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. அவள் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு போனது கல்லறைக்கு.

ஆர்த்தடாக்ஸ் முதலான கீழைச் சபைகள் மூவரையும் தனித்தனியாகவே நினைவுகூர்கின்றன. மேற்கில் 1517-இல் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சு அறிஞர் மூவரும் வெவ்வேறு பெண்கள் என்று எழுத, 1521-இல் பாரிஸ் இறையியல் அறிஞர் குழு அதைக் கண்டித்தது. கத்தோலிக்க சபையும் பிற்பாடு மாறியது. 1969-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது மகதலேனாவின் திருநாளில் பாவியான பெண்ணின் பகுதியை விட்டுவிட்டு, கல்லறையருகே அவள் இயேசுவைக் காணும் யோவான் 20-ஐ வாசகமாக வைத்தார்கள். 2016-இல் அந்த நினைவுநாள் அப்போஸ்தலர்களுக்கு உரிய விழா நிலைக்கு உயர்ந்தது. 2021-இல் மார்த்தாள், லாசரு ஆகியோரோடு பெத்தானியா மரியாளுக்கும் ஜூலை 29-ஐக் கொடுத்தார்கள். மகதலேனாவின் நாள் ஜூலை 22.

எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. தன் ஆஸ்தியைக் கொண்டு இயேசுவுக்கு ஊழியம் செய்தவள், சிலுவையருகே நின்றவள் என்று சுவிசேஷங்கள் சொல்லும் பெண்ணை, நூற்றாண்டுக் கணக்காக விரித்த கூந்தலும் தைலப் பாத்திரமுமாக அழுகிறவளாகவே வரைந்தார்கள். அவள் அழுதது உண்மைதான், ஆனால் தன் பாவத்துக்காக அல்ல. பேதுருவும் மற்றச் சீஷனும் வெறும் கல்லறையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பிறகும், ஆண்டவரின் உடலைக் காணோமே என்று வாசலிலேயே நின்று அழுதாள். எதிரில் நின்றவரைத் தோட்டக்காரன் என்று நினைத்து, 'நீர் எடுத்துக்கொண்டு போயிருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் எடுத்துக்கொள்கிறேன்' என்கிறாள். ஒரு உடலைத் தனியாகத் தூக்க முடியுமா என்றுகூட யோசிக்கவில்லை! அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் உயிர்த்தெழுந்த இயேசு என்று தெரிகிறது.

சரி, வகுப்புக்கு வருவோம். முதலில் யோவான் 20-ஐ வாசியுங்கள். மகதலேனாவைப் பிள்ளைகள் அங்கே சந்திக்கட்டும். லூக்கா 7-ஐ வேறொரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று யாராவது கேட்டால், லூக்கா சொல்லவில்லை என்றே பதில் கொடுங்கள்.