பாதிதான் சுருங்கியிருக்கிறதா? நாலாம் வார ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை, அதாவது கட்டி வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்கும் பரவிய நிலை. கோவையில் அறை எடுத்துத் தங்கி கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்கிறார்கள், வாரம் ஒரு நாள் கீமோவும் ஏறுகிறது. 25 கரண்டில் 19 முடிந்திருக்கிறது. "முதல் ஸ்கேனில் 6 செ.மீ. இருந்த கட்டி இப்போது 3 செ.மீ. பாதிதான் குறைந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குச் சுத்தமாகக் கரைந்துவிட்டதாம். எங்கம்மாவுக்குக் குணமாகுமா? ஊரில் மாரியம்மன் நோம்பி வேறு சாட்டியிருக்கிறார்கள். 25-ஐயும் முடித்துவிட்டு, பத்து நாள் ஊரில் இருந்து வந்து உள்கரண்ட் (கருவியை உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்) வைத்துக்கொள்ளலாமா?"

முதலில் அந்தப் 'பாதி'யைச் சரிசெய்துவிடுவோம். 6 செ.மீ. என்பது நல்ல சாத்துக்குடி அளவு. 3 செ.மீ. என்பது ஒரு பெருநெல்லிக்காய். ஒரு சாத்துக்குடியின் பருமனுக்கு எத்தனை நெல்லிக்காய் வேண்டும்? எட்டு. குறுக்களவு பாதியானால் பருமன் எட்டில் ஒரு பங்காகிவிடும். அம்மாவின் கட்டியில் மிச்சமிருப்பது சுமார் 12 சதவீதம்தான். கட்டி உருண்டையாகவே இருக்கும் என்றில்லை, அதனால் அறிக்கையில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாருங்கள். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பருமன் கணக்குக்கு மதிப்பு உண்டு. சிகிச்சையின் நடுவே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நாலைந்து வாரம் ஆன பிறகும் தொடக்கப் பருமனில் 20 சதவீதமோ அதற்கு மேலோ மிச்சமிருந்தவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. அம்மா அந்தக் கோட்டுக்கு நல்ல பக்கத்தில் இருக்கிறார். ஆனால் இது கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு, தனி ஆளுக்கு எழுதிய ஜாதகம் அல்ல. மெதுவாகச் சுருங்கிக் குணமானவர்களும் உண்டு, மளமளவென்று கரைந்து பிறகு திரும்பியவர்களும் உண்டு.

ஏன் இப்படி? தோட்டத்தில் கோரைக்கு மருந்து அடித்திருப்பீர்கள். அடித்த அன்றே காய்ந்தா போகிறது? கதிர்பட்ட செல்லும் பெரும்பாலும் அந்த நிமிடமே சாவதில்லை. அடுத்து இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான் முடியாமல் சாகிறது. மெதுவாகப் பிரியும் கட்டி மெதுவாகத்தான் சுருங்கும், 25 முடிந்த பிறகும் சுருங்கிக்கொண்டே இருக்கும். தொடக்க அளவு, செல்லின் வகை, ரத்தத்தின் அளவு எல்லாம் இதில் சேர்ந்துகொள்ளும். ஹீமோகுளோபின் குறைந்தால் கட்டிக்குள் ஆக்சிஜன் குறையும், கதிரின் வேலை மந்தமாகும். வாராவாரம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். டாக்டர் ரத்தம் ஏற்றச் சொன்னால் ஏற்றிவிடுங்கள், பீட்ரூட் ஜூஸ் கொடுத்துத் தேற்றிக்கொள்ள இப்போது நேரமில்லை.

கோரையில் இன்னொன்றும் இருக்கிறது. மேலே தாள் காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கரைந்துவிட்டது என்றால் சந்தோஷம், ஆனாலும் அவருக்கும் உள்கரண்ட் வைத்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து கொடுப்பது 45 முதல் 50 கிரே (கதிரை அளக்கும் அலகு) வரைதான். கர்ப்பப்பை வாயில் 85 கிரேக்குக் குறையாமல் சேர வேண்டும் என்பது இன்றைய இலக்கு. மீதியை வெளியிலிருந்தே கொடுத்தால் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் தாங்காது. அதனால்தான் கருவியை உள்ளே வைத்து, கட்டிக்குப் பக்கத்திலிருந்தே கொடுக்கிறோம்.

நாலாம் வார ஸ்கேனின் உண்மையான பயனும் இதில்தான். நன்றாகச் சுருங்கியிருந்தால் வழக்கமான கருவியே கட்டி இருந்த இடம் முழுவதையும் எட்டும். பக்கவாட்டில் மிச்சம் தடிப்பாக இருந்தால் கருவியோடு, கட்டிக்குள் கதிரைக் கொண்டுபோகும் சில ஊசிகளும் சேர்த்து வைக்க வேண்டிவரும். "கருவி மட்டும் போதுமா, ஊசியும் வேண்டுமா? இங்கேயே அந்த வசதி இருக்கிறதா?" என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் தேதி வாங்கவே நாளாகும்.

இனி நோம்பி. பத்து நாள் இடைவெளி வேண்டாம். தொடங்கிய நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள், உள்கரண்ட் உட்பட எல்லாம் முடிய வேண்டும். வெளிக்கரண்டுக்கு ஐந்து வாரம், உள்கரண்டுக்கு இரண்டு வாரம் என்றால் 49 நாள் ஆகிறது. பத்தைச் சேர்த்தால் 59. தப்பிப் பிழைத்த செல்கள் மூணு நாலு வாரத்துக்குப் பிறகு முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். பழைய ஆய்வுகளில், காலக்கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் நோய் அடங்கும் வாய்ப்பு ஒரு சதவீதம் வரை குறைந்தது. கட்டி எவ்வளவு வேகமாகச் சுருங்க வேண்டும் என்பது நம் கையில் இல்லை, நாள் தவறாமல் போவது இருக்கிறது. சனி ஞாயிறு கரண்ட் இல்லை, டாக்டர் சரி என்றால் அப்போது ஊருக்குப் போய் அம்மனைக் கும்பிட்டு வரட்டும். மாவிளக்கை இந்த வருஷம் நீங்கள் எடுங்கள். மிஷின் ரிப்பேர், அரசு விடுமுறை என்று நாள் போனால், ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறை கொடுத்து ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தியூர் பக்கத்து அம்மா ஒருவருக்குப் பதினைந்தாவது கரண்டில் ரத்தப்போக்கு நின்றது. "அதான் நின்னு போச்சுங்களே, இனி எதுக்குங்க?" என்றார். மஞ்சள் வெட்டு நேரம் வேறு. ஐந்து மாதம் கழித்து மறுபடி ரத்தப்போக்கோடுதான் வந்தார்.

குணமாகுமா என்ற கேள்விக்கு இன்னும் நம்பகமான பதில், எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் பெட் ஸ்கேனில் (புற்றுசெல் மிஞ்சியிருந்தால் அந்த இடத்தை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) வரும். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 92 பெண்களுக்கு அப்படிப் பார்த்தார்கள். எதுவும் ஒளிராதவர்களில் 78 சதவீதம் பேர் மூன்று ஆண்டு கழித்தும் நோய் தலைதூக்காமல் இருந்தார்கள். பழைய இடத்தில் கொஞ்சம் ஒளிர்ந்தவர்களில் அது 33 சதவீதம். அவசரப்பட்டு ஒரு மாதத்தில் எடுத்தால் கதிர்பட்ட புண்ணும் ஒளிர்ந்து வீண் பீதி கிளப்பும். பெட் வசதிப்படாவிட்டால் டாக்டரின் உள்பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் உதவும்.

கடைசி உள்கரண்ட் நாளைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து 12 வாரம் எண்ணி இப்போதே தேதி கேட்டு வையுங்கள். அன்றைக்கு முதல் எம்.ஆர்.ஐ., நாலாம் வார எம்.ஆர்.ஐ. இரண்டின் படங்களும் பதிந்த சி.டி. தட்டுகள் கையில் இருக்கட்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.