எடையும் அன்றாட உணவும்: ஓர் உணவியல் ஆலோசகரின் பதில்கள்

எடையைப் பற்றியும் உணவுப் பழக்கத்தைப் பற்றியும் வந்த கேள்விகளில் ஒரே பொருள் கொண்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எந்த மாற்றத்தையும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

கேள்வி: மூன்று முறை பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு ஆண்டுக்குள் குறைத்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: மூன்று முறை பத்துக் கிலோ குறைத்தவருக்கு மன உறுதி இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? குறைத்த பிறகு உங்கள் உடல் என்ன செய்யும் என்பதைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உடலில் உள்ள கொழுப்பு, சும்மா கிடக்கும் சேமிப்பு அன்று. அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்கு ஓயாமல் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994இல் இதைக் கண்டறிந்தது. கொழுப்பு கரையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் வந்துவிட்டதற்கான செய்தியாக எடுத்துக்கொண்டு, பசியைக் கூட்டி ஆற்றல் செலவைச் சுருக்குகிறது. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடுமையாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல், அவர்களுடைய உடலமைப்பை வைத்து எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது.

இதைவிடப் பழைய சான்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டுமே கொடுத்து, அவர்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறையும்படி செய்தார். அதுவரை சாப்பாட்டைப் பெரிதாக நினைக்காத அவர்கள் நாள் முழுவதும் அதைப் பற்றியே பேசினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பின் வயிறு நிறைந்தும் மனம் அடங்காமல் சாப்பிட்டார்கள். இன்று பலர் தாங்களாகவே எடுத்துக்கொள்ளும் உணவுக் கட்டுப்பாடு இந்த அளவை ஒட்டியோ அதற்கும் கீழோ இருப்பதைப் பார்த்தால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

அடுத்த முறை பத்துக் கிலோவை இலக்காக வைக்காதீர்கள். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பும்தான் இலக்கு. அந்த அளவு முயற்சிக்கே, அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. எண்பது கிலோ உள்ளவருக்கு ஏழு சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோதான். அதைக் குறைத்து, சில மாதங்கள் அதே இடத்தில் நின்று, பிறகு வேண்டுமானால் மேலே போகலாம். நாம் "டயட் இருக்கிறேன்" என்று சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? "நோன்பு இருக்கிறேன்" என்பதைப் போலவே சொல்கிறோம். நோன்பு என்றால் அதை முடிக்கும் நாள் ஒன்று உண்டு. டயட்டையும் மனம் அப்படியே முடித்துவைக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்தும் செய்துகொண்டிருப்பேன் என்று நினைக்கக்கூடிய மாற்றத்தை மட்டும் இன்று தொடங்குங்கள்.

கேள்வி: முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்தது. அடுத்த மூன்று வாரமும் முள் நகரவே இல்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தவறு ஒன்றும் இல்லை. ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. திடீரென்று உணவைக் குறைத்தவுடன் முதலில் செலவாவது அந்தக் கிளைக்கோஜன்தான். கூடவே நீரும் வெளியேறிவிடுகிறது. முதல் வாரம் நீங்கள் கண்ட மூன்று கிலோவில் பெரும்பகுதி நீர். அடுத்த வாரங்களில் கொழுப்பு மெல்லக் குறைந்திருந்தாலும், உப்பு கூடுதலாகச் சாப்பிட்ட நாளும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களும், மலச்சிக்கலும் ஒரு கிலோ இரண்டு கிலோவை எளிதாக மறைத்துவிடும். தினமும் எடை பார்ப்பவராக இருந்தால் ஏழு நாள் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்தவுடன் அந்த நாளே கெட்டுப்போகிறது என்றால் எடைப்பொறியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி அளந்தால் போதும்.

கேள்வி: மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைக் கொழுப்பையும் மற்றொன்றை மாவுச்சத்தையும் ஓராண்டு குறைக்கச் சொன்னார்கள். 2018இல் வெளியான முடிவின்படி ஒரு குழு சராசரியாக 5.3 கிலோவும் மற்றது 6.0 கிலோவும் குறைத்தன. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. குழுக்களுக்கு இடையே இல்லாத வேறுபாடு ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மிகப் பெரிதாக இருந்தது: இருபது கிலோவுக்கு மேல் குறைத்தவர்களும் எடை கூடியவர்களும் இரண்டிலும் இருந்தார்கள். இரு குழுவினருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை காய்கறியைக் கூட்டுவது, சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறைப்பது, இயன்றவரை வீட்டில் சமைப்பது ஆகியவை. என் கணிப்பில் பயன் தந்ததில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான்.

ஆலையில் பலமுறை பதப்படுத்தி, சுவையூட்டிகளும் நிறமூட்டிகளும் சேர்த்து உறையில் வரும் உணவைப் பற்றி 2019இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு செய்த ஆய்வையும் சொல்ல வேண்டும். இருபது பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் அத்தகைய உணவையும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் கொடுத்தார்கள். முன்னே வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்பதே நிபந்தனை. ஆலை உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஏறத்தாழ ஒரு கிலோ கூடினார்கள். சாப்பிட்ட வேகமும் அதிகமாக இருந்தது. மென்று சாப்பிட வேண்டியிராத உணவு, போதும் என்ற உணர்வு வருவதற்குள் உள்ளே போய்விடுகிறது. ஆகவே எந்தச் சத்தைக் குறைப்பது என்று கேட்பதற்கு முன், என் தட்டில் மென்று சாப்பிட வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: காலை உணவைத் தவிர்த்தால் எடை கூடும் என்பது உண்மையா?

பதில்: இல்லை. காலையில் பசிக்காதவர் கட்டாயப்படுத்திச் சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் காலையில் விட்டதை மாலையில் இரண்டு மடங்காக ஈடுகட்டுபவர் சாப்பிட்டே ஆக வேண்டும். தாம் எந்த வகை என்பது அவரவருக்குத் தெரியும்.

கேள்வி: நான் உண்மையிலேயே மிகக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். இருந்தும் எடை கூடிக்கொண்டே போகிறது. யாரும் நம்புவதில்லை.

பதில்: நான் நம்புகிறேன், ஆனால் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கச் சொல்வேன். முதலாவது, மருத்துவக் காரணம். தைராய்டு சுரப்புக் குறைவு, சினைப்பை நீர்க்கட்டி நோய் போன்றவை எடையைக் கூட்டக்கூடும்; ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், வலிப்பு நோய்க்கான வால்புரோவேட் ஆகியவற்றுக்கும் அந்தத் தன்மை உண்டு. மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

இரண்டாவது, நம் நினைவு. உங்களைப் போலவே "குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், குறையவில்லை" என்று சொன்ன பத்துப் பேரை ஆராய்ந்த ஒரு கட்டுரை 1992இல் வெளியானது. அவர்களுடைய வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. ஆனால் உண்மையில் உண்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தது. உடலுழைப்பையோ செய்ததைவிட 51 சதவீதம் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உட்கார்ந்து சாப்பிட்டது நினைவில் நிற்கிறது. நின்றுகொண்டு வாயில் போட்டது நிற்பதில்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் மிச்சம் வைத்தது, சர்க்கரை போட்ட பானங்கள், தாளிக்கும்போது அளக்காமல் ஊற்றிய எண்ணெய் ஆகியவற்றை யாரும் உணவாக எண்ணுவதே இல்லை. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் நான்கு கலோரி என்றால் கொழுப்பில் ஒன்பது. ஆகவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே ஏறத்தாழ 120 கலோரி. நான்கு நாள் மட்டும், வாயில் போடும் ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எதையும் குறைக்க வேண்டாம், பார்த்தால் போதும்.

கேள்வி: பகல் முழுவதும் கட்டுப்பாடாக இருக்கிறேன். வேலை முடிந்து வீடு திரும்பியதும் கண்ணில் பட்டதையெல்லாம் தின்றுவிடுகிறேன். இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது?

பதில்: நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான், பலர் பிழையாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். இரவில் நடப்பதைத் திருத்த முயல்கிறீர்கள். பிரச்சினை பெரும்பாலும் பகலில் இருக்கிறது. பகலில் வயிற்றைக் காயப்போட்டவருக்கு மாலையில் வருவது வயிற்றுப் பசி. அதை வாய்ப் பசி என்று நினைத்துத் தம்மையே திட்டிக்கொள்கிறார். மதிய உணவில் புரதமும் நார்ச்சத்தும் போதிய அளவு இருக்கட்டும்: பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் என்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் ஏதேனும் ஒன்றும், கை நிறையக் காய்கறியும். புரதம் நெடுநேரம் பசி தாங்கும். அதைச் செரிப்பதற்கே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. பிறகு வீடு திரும்புவதற்கு முன்பே, மாலை நேரத்தில், திட்டமிட்டு ஒரு சிற்றுணவு. கூடுதலாகச் சாப்பிடச் சொல்கிறாரே என்று பலர் முதலில் தயங்குவார்கள். இரண்டு வாரம் செய்து பாருங்கள்.

அதன் பிறகும் எஞ்சுவது வாய்ப் பசி. களைப்பு, சலிப்பு, தனிமை, கோபம் ஆகியவை எல்லாமே உணவறைக்கு வழி காட்டும். அதை மன உறுதியால் வெல்வதைவிடப் பொருட்களை இடம் மாற்றி வெல்வது எளிது. எட்டும் இடத்தில் பழம் இருக்கட்டும். மற்றவை மூடிய அலமாரியின் மேல்தட்டுக்குப் போகட்டும். பொட்டலத்திலிருந்து நேராகச் சாப்பிடாமல் ஒரு கிண்ணத்தில் எடுத்துப்போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் போதும். புதிய செயல் ஒன்று பழக்கமாவதற்கு எவ்வளவு நாள் ஆகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லல்லியின் குழு ஆராய்ந்தபோது, இடைநிலை அளவு 66 நாள் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. ஒருநாள் தவறிவிட்டால் வாரம் முழுவதையும் கைகழுவிவிடுபவர்கள் இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறையாவது, நிறுத்த முடியாத நிலையில், பிறர் அறியாமல், வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டு, பிறகு வெட்கத்தில் குமைபவராக இருந்தால் மேலே சொன்னவை போதா. கட்டுக்கடங்கா உண்ணல் என்பது 2013 முதல் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. அந்த நிலையில் எடை குறைப்பை ஒத்திவைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: உடற்பயிற்சி மட்டும் செய்தால் எடை குறையுமா?

பதில்: அதிகம் குறையாது. அரை மணி நேர நடையில் செலவாவதை இரண்டு நிமிடத்தில் தின்றுவிட முடியும். ஆனாலும் தசை கரையாமல் இருக்கவும், குறைத்த எடை திரும்பாமல் இருக்கவும் நடையும் எடை தூக்கும் பயிற்சியும் மிகவும் உதவுகின்றன. எடையை மறந்துவிட்டு, உறக்கத்துக்காகவும் இதயத்துக்காகவும் செய்யுங்கள்.

கேள்வி: எடை குறைப்புக்கான ஊசி மருந்து குறுக்குவழியா?

பதில்: இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவரிடம் இப்படிக் கேட்க மாட்டோம். இவ்வகை ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைடு மருந்தால், ஓர் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்தி ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அதாவது அதுவும் நீண்ட காலம் தொடர வேண்டிய சிகிச்சையே. குமட்டல் முதலிய பக்கவிளைவுகள் உண்டு, தசையும் ஓரளவு கரையும். மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. வகுப்பில் குண்டு என்று கேலி செய்கிறார்களாம். இரவு உணவை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. அது பூப்புக்கு முன்னும் பின்னும் எடை இயல்பாகவே கூடும் வயது; உயரம் அதைப் பின்தொடர்ந்து வரும். வளரும் குழந்தைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைப்பதைவிட, அது மேலும் கூடாமல் உயரத்துக்கு இடம் கொடுப்பதே போதுமானது. என்ன உணவு, எத்தனை மணிக்கு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவள் வயிறு முடிவு செய்யட்டும். அவளுக்கு மட்டும் தனித்தட்டு வைக்காமல், வீட்டில் எல்லோருக்கும் ஒரே உணவு இருக்கட்டும். சர்க்கரைப் பானங்களை வீட்டில் வாங்கி வைப்பதையே நிறுத்திவிடலாம். ஐந்து வயது முதலான அவளுடைய உயரம், எடை எண்களைத் தேடி எடுத்துக்கொண்டு குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள், வளர்ச்சி வரைபடத்தில் அந்தக் கோடு எப்படிப் போகிறது என்று அவர் சொல்வார். கேலியைப் பற்றி வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே பேசுங்கள், அதற்கு எடை குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.