குடல் புற்றுநோயில் புரதங்களைக் கட்டுப்படுத்தும் என்சைம்களின் பங்கு என்ன? அவற்றைத் தடுத்தால் நோய் நிற்குமா?

கடையில் விற்கும் செரிமான என்சைம் மாத்திரைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே பேசுவது, செல்லுக்குள் ஒரு புரதம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் என்சைம்களைப் பற்றி.

வேண்டாத புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் (76 அமினோ அமிலங்கள்) சங்கிலியாக ஒட்டப்படும். எதன் மேல் ஒட்டுவது என்று ஆளைப் பார்த்துப் பிடிப்பவை இ3 லைகேஸ்கள் என்ற என்சைம்கள். ஒட்டப்பட்ட புரதத்தைப் புரோட்டியசோம் என்ற செல்லின் நறுக்கு இயந்திரம் நறுக்கிவிடும். இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒட்டியதைக் கழற்றும் என்சைம்களும் உண்டு.

பெருங்குடலில் இப்படி அழிக்கப்பட வேண்டிய முக்கியமான இலக்கு பீட்டா-கேட்டெனின் என்ற புரதம். ஏபிசி, ஆக்சின் என்ற வேறு இரண்டு புரதங்கள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. சிகே1 என்ற என்சைம் முதலில் அதன் 45ஆம் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒரு குறியாக வைக்கும். பிறகு ஜிஎஸ்கே3 என்ற என்சைம் வரிசையாக 41, 37, 33இல் வைக்கும். கடைசி இரண்டு குறிகளைப் பார்த்துத்தான் இ3 வந்து யுபிக்விட்டினை ஒட்டும். ஏறக்குறைய 80 சதவீதப் பெருங்குடல் புற்றுநோய்களில் ஏபிசி மரபணு பழுதடைந்திருக்கிறது. பிடித்து நிறுத்த ஆளில்லாததால் பீட்டா-கேட்டெனின் அழியாமல் குவிந்து, உட்கருவுக்குள் போய், செல்லைப் பெருகச் சொல்கிறது.

கவனியுங்கள்: இங்கே என்சைம்கள் கெடவில்லை. இலக்கு அவற்றின் கைக்கு எட்டவில்லை. அதனால் 'என்சைமைத் தடு' என்பது இந்தப் பழுதுக்குப் பொருந்தாத யோசனை.

என்சைமே கெடுவதும் உண்டு. ஆர்என்எஃப்43 என்ற இ3, வின்ட் சமிக்ஞையை (பீட்டா-கேட்டெனினைக் கூட்டும் சமிக்ஞை) வாங்கும் ஏற்பிகளைச் செல் பரப்பிலிருந்து அகற்றும். அது பழுதானால் ஏற்பிகள் மிஞ்சிவிடும். இன்னொரு இ3-இன் பகுதியான எஃப்பிஎக்ஸ்டபிள்யூ7 பழுதானால், செல்லைப் பிரியத் தூண்டும் சைக்ளின் இ என்ற புரதம் தேங்கும். கழற்றும் என்சைம்கள் எல்லாம் நோயை வளர்ப்பவை என்றும் எண்ண வேண்டாம். கல்லீரலுக்குள் வரும் பித்தநாளப் புற்றுநோய் சிலவற்றில் பிஏபி1 என்ற கழற்றி இழக்கப்படுகிறது. அது இருந்தவரை காவல்தான்.

புரோட்டியசோமையே தடுக்கும் போர்டெசோமிப், மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு 2003 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. ஓயாமல் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கும் அந்தப் புற்றுநோய்ச் செல்கள், கழிவுப் புரதம் தேங்கினால் தாங்காது. பெருங்குடல் புற்றுநோயில் அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலன் தெரியவில்லை.

ஆகவே பரவிய பெருங்குடல் புற்றுநோய் என்றால், அறிக்கையில் இந்த என்சைம்களைத் தேடுவதைவிட எம்எஸ்ஐ (டிஎன்ஏ பிழை திருத்தம் கெட்டதா என்பதைக் காட்டுவது), ராஸ், பிராஃப் (இரண்டும் மரபணுக்கள்) ஆகிய கட்டிப் பரிசோதனை முடிவுகளை மருத்துவரிடம் கேளுங்கள். இன்றைய சிகிச்சை அவற்றை வைத்தே மாறுகிறது. ஏபிசி பழுது பரம்பரையாக வரும் குடும்பம் என்றால், பிள்ளைகளுக்கு 10–12 வயதிலேயே குடல் உள்நோக்கிப் பரிசோதனை தொடங்க வேண்டும். இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.