ஆஸ்பத்திரி கட்டித் தர்றாங்களாம்!

சார், எங்க ஏரியா பக்கம் பெரிய கெமிக்கல் பிளான்ட் வரப்போகுது. ஆஸ்பத்திரி கட்டித் தர்றோம், மரம் நடுறோம், உள்ளூர்க்காரங்களுக்குத்தான் வேலைன்னு கம்பெனி சொல்லுது. சமூகப் பொறுப்புன்னா இதானே? நான் ஏதாவது சந்தேகம் கேட்டா ஃப்ரெண்ட்ஸே திட்டுறாங்க.
- ஒரு வாசகர்

வணக்கம். ஆஸ்பத்திரின்னு படிச்சதும் எனக்கு மினமாட்டா பூனைதான் ஞாபகம் வந்துச்சு.

ஜப்பான்ல மினமாட்டான்னு ஒரு கடலோர ஊரு, அங்க சிஸ்ஸோன்னு கெமிக்கல் கம்பெனி, ஊர்ல நிறையப் பேர் பொழப்பு அதை நம்பித்தான். கழிவுத்தண்ணில போன பாதரசம் மீனுக்குள்ள ஏறி, அந்த மீனைச் சாப்பிட்டவங்களுக்கு கைகால் இழுத்து, பேச்சு குழறி, நிறையப் பேர் செத்தே போனாங்க. நோய்னு அதிகாரப்பூர்வமா வெளிய தெரிஞ்சது 1956ல. கவனிங்க, கம்பெனிக்கு சொந்த ஆஸ்பத்திரியே இருந்துச்சு! அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஹொசோகாவா 1959ல ஃபேக்டரி கழிவை ஒரு பூனைக்குத் தீனில கலந்து கொடுத்துப் பார்த்தார், அதுக்கும் அதே வலிப்பு. கம்பெனி அதை அப்படியே அமுக்கிடுச்சு. அந்த வருஷக் கடைசில சுத்திகரிப்பு பிளான்ட்னு ஒண்ணை தடபுடலா திறந்தாங்க, அது பாதரசத்தை எடுக்கற மெஷினே இல்ல. பாதரசக் கழிவு நின்னது 1968லதான்.

அதனால ஆஸ்பத்திரிய விடுங்க, கட்டினா சந்தோஷம். நீங்க கேக்க வேண்டியது வேற. அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடியே கிணத்துத் தண்ணி, காத்து, மண்ணு எல்லாம் எப்படி இருக்குன்னு டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்ட எல்லார் கைக்கும் கொடுக்கச் சொல்லுங்க. அது இல்லேன்னா பத்து வருஷம் கழிச்சு தண்ணி நாறும்போது "இது முன்னாடியே இப்படித்தான்"னு ஒரே வரில முடிச்சுடுவாங்க, நம்ம கையில ஒரு பேப்பர் இருக்காது. டெஸ்ட் எடுக்கற லேப் கம்பெனி சம்பளத்துல ஓடற லேபா இருந்தா அதுக்கும் அர்த்தமில்ல.

அப்புறம் வேலை. கட்டும்போது ஆயிரக்கணக்குல ஆள் வேணும், ஓட ஆரம்பிச்சா அதுல கொஞ்சப் பேர்தான். ரெண்டு கணக்கையும் தனித்தனியா எழுத்துல கேளுங்க. சைரன் அடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னும் கேளுங்க. 1984ல போபால் கெமிக்கல் பிளான்ட்ல விஷவாயு கசிஞ்சப்ப பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு அது தெரியல, உள்ள கேஸ் டேங்கை குளிர வைக்கற யூனிட்டையே அதுக்கு முன்னாடி நிறுத்தி வெச்சிருந்தாங்க.

ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சண்டை போடாதீங்க, வேலை வேணும்னு ஆசைப்படறது தப்பா என்ன? இதையெல்லாம் கேக்கக் கூட்டத்துக்குப் போகும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, நாளைக்கு முதல் ஷிஃப்ட்ல அந்தக் காத்தை சுவாசிக்கப் போறது அவங்கதானே.