வேறு கம்பெனி தீயணைப்பு வண்டி வந்தால் என்ன மாறும்? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தீயணைப்புத் துறையில் டிரைவர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை பார்த்த நிலையங்கள் எல்லாம் சேலம் மாவட்டத்துக்குள்தான். என் காலத்திலும் ஒரு தடவை வண்டி கம்பெனி மாறியது, அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். தீயணைப்பு வண்டி, பம்ப், டேங்க் பற்றிக் கேளுங்கள். சம்பளம், இடமாற்றல், அரசியல் வேண்டாம்.

அஸ்தம்பட்டி வாசகர்: லேலண்ட் நல்லதா, டாடா நல்லதா?

முதல் கேள்வியே இதுதான் வரும் என்று தெரியும். தம்பி, அந்தக் கம்பெனிகள் கொடுப்பது சேசிஸ், அதாவது இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம், கேபின். டேங்க், பம்ப், லாக்கர், ஏணி வைக்கும் சட்டம் எல்லாம் பாடி கட்டுகிறவர் வேலை, பம்ப்பை அவரும் பெரும்பாலும் இன்னொரு கம்பெனியிடம்தான் வாங்குவார். அதனால் முகப்பில் இருக்கும் சின்னம் மாறியும் பின்னால் பம்ப் பேனல், அதாவது வால்வுகள் இருக்கும் பலகை, அப்படியே இருக்கலாம், சின்னம் மாறாமலே பேனல் தலைகீழாக மாறியும் இருக்கலாம். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது இரண்டாவதுதான். ஓட்டுவது இரண்டு நாளில் பழகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு, புகையில், கண் எரிய, எந்த வால்வு எங்கே என்று கை தானாகப் போக மாதக்கணக்கில் ஆகும்.

என் கதையையே சொல்கிறேன். புது வண்டி வந்து இரண்டாவது வாரம், ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் காயப்போட்டிருந்த திப்பி, அதாவது மரவள்ளிச் சக்கை, பற்றிக்கொண்டது. போய் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜின் வலுவைப் பம்ப்புக்குத் திருப்பும் பி.டி.ஓ. சுவிட்சைப் போட்டேன். பம்ப் சுற்றவில்லை. மறுபடி போட்டேன், ம்ஹூம். பழைய வண்டியில் லிவரை இழுத்தால் போதும். இதில் ஹேண்ட்பிரேக் போட்டால்தான் பி.டி.ஓ. சேரும்படி பூட்டு வைத்திருந்தார்கள், நான் கட்டை கொடுத்த தைரியத்தில் ஹேண்ட்பிரேக்கைத் தொடவே இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். ஆலைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வண்டி மேல் தப்பில்லை, பயிற்சி அன்று சொன்னதுதான், என் காதில் ஏறவில்லை.

அதனால்தான் எல்லோரிடமும் சொல்வேன்: புது வண்டி வந்தால் பேனலை இருட்டில் தடவிப் பழகுங்கள்.

சூரமங்கலம் வாசகர்: மாநகராட்சி எவ்வளவு செலவு செய்கிறது?

மாநகராட்சி வாங்குவதில்லை. தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசுத் துறை.

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, கீழே நன்றாகத் தண்ணீர் உறிஞ்சும் பம்ப் மலையில் திணறும் என்கிறார்களே, உண்மையா?

நல்ல கேள்வி அம்மா, இதற்காகவே உட்கார்ந்திருந்தேன். பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம், உண்மையில் அது இழுப்பதில்லை. பிரைமர் உறிஞ்சுகுழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, கிணற்றின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றால் 10.3 மீட்டர் வரை தள்ள முடியும், அதுவும் கணக்கில். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே அது எட்டரை மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். உராய்வு, வாஷர் கசிவு எல்லாம் கழித்தால், கீழே ஏழு ஏழரை மீட்டர் ஆழத்தில் எடுக்கிற பம்ப் மேலே ஆறு மீட்டரிலேயே மூச்சு வாங்கும். எந்த நாட்டுக் கம்பெனி செய்தாலும் இதை மாற்ற முடியாது. காபி எஸ்டேட் கிணற்றில் கோடையில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டால், வண்டியில் இருக்கும் பம்ப்பை நம்பாமல் கிணற்றுக்குள் இறக்குகிற பம்ப்பைத் தேட வேண்டும். ஏரிக்கரை என்றால் கவலை இல்லை, தண்ணீருக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாம்.

புது வண்டியில் பிரைமர் வகை மாறியிருந்தால், அதையும் இருட்டில் பழகுங்கள்.

லீ பஜார் கடைக்காரர்: எங்கள் தெருவில் இருக்கிற வண்டியே திரும்பாது. புதுசு பெரிதாக வந்தால்?

செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் பின்னாலேயே வெளியே வந்த அனுபவம் எனக்கும் உண்டு. வண்டி தெருமுனையில் நிற்கும், ஹோஸ்தான் உள்ளே வரும். அதற்கு மூட்டையை வழியில் அடுக்காமல் இருந்தால் போதும். புது வண்டி வாங்கும்போது நீளத்தைப் பார்ப்பதை விடத் திரும்பும் வட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பெயர் சொல்லாதவர்: டாடா, லேலண்ட் இரண்டில் எது பெஸ்ட்?

மேலே முதல் பதில்.

அம்மாப்பேட்டை வாசகர்: தண்ணீர் இல்லாமல் வண்டி வருகிறது என்று எங்கள் ஏரியாவில் ஒரே பேச்சு.

தண்ணீரோடுதான் வருகிறது. வழக்கமான வண்டியில் 4,500 லிட்டர். இரண்டு குழாயில் நிமிடத்துக்கு 900 லிட்டர் போனால் ஐந்தே நிமிடம். அப்புறம் நிரப்பப் போகும் வண்டியைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு.

சங்ககிரி லாரி டிரைவர்: அண்ணா, மலை ஏறும் வண்டிக்கு எதற்கு முழு டேங்க்? பாதி ஊற்றினால் இரண்டேகால் டன் மிச்சம். மேலே ஏரியில் நிரப்பிக்கலாமே.

கூடவே கூடாது. முழு டேங்க், இல்லையென்றால் காலி டேங்க். பாதி டேங்க் ஆளைக் கொல்லும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் வண்டி திரும்பி முடித்த பிறகுதான் தண்ணீர் திரும்பும்.

அதே டிரைவர்: டேங்குக்குள் தடுப்புத் தகடு எதற்கு வைக்கிறார்கள் அப்புறம்? பால் டேங்கர் பாதியில் ஓடாமலா இருக்கிறது?

தகடு எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். குறுக்கே வைத்தால் பிரேக் போடும்போது முன்னே பாய்வதைத் தடுக்கும், வளைவில் பக்கவாட்டில் சாய்வதற்கு நெடுக்கவும் தகடு வேண்டும்.

கொண்டலாம்பட்டி வாசகர் நடுவில்: பிளாஸ்டிக் டேங்க் என்றால் எடை குறையும் இல்லையா?

டேங்கின் எடை குறையும், தண்ணீரின் எடை குறையுமா?

மீண்டும் சங்ககிரி: நெடுக்கவும் குறுக்கவும் தகடு இருந்தால் என் பேச்சு சரிதானே?

தண்ணீர் ஆடுவது குறையும், நிற்காது. இன்னொன்று, ஒரே 4,500 லிட்டரை ஒருவர் அகலமாகத் தாழ்வாகக் கட்டுவார், இன்னொருவர் உயரமாகக் கட்டுவார். பாடி கட்டுகிறவர் மாறினால் வளைவில் வண்டி சாய்கிற விதமே மாறும். பழைய வண்டியில் எந்த வேகத்தில் திரும்பினேனோ அதே வேகம் என்று நினைப்பவன் ஏழாவது வளைவில் வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டுவான். ஏறுவதில் நீங்கள் சொல்வதற்குப் பாதி மார்க் தரலாம், வாக்குவாதம் வேண்டாம். இறங்குவதுதான் உண்மையான ஆபத்து. தீயை அணைத்துவிட்டுப் பாதி டேங்கோடு, களைத்துப்போய், வீட்டு நினைப்பில் இறங்குவோம். மேலேயே நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள், சின்ன கியரில் இறங்குங்கள்.

சங்ககிரி: இறங்குவதை ஒத்துக்கிறேன் அண்ணா. ஏறுவதை ஒத்துக்க மாட்டேன்.

சரி.

ஓமலூர் வாசகர்: பி.எஸ். 6 வண்டியில் ஏதோ யூரியா ஊற்ற வேண்டுமாமே?

ஆமாம், யூரியா கலந்த திரவம், அதற்கென்று தனி டேங்க். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்ததிலிருந்து வரும் பெரிய டீசல் வண்டிகள் இப்படித்தான். அது தீர்ந்தால் இன்ஜின் வலு குறைத்துக்கொள்ளும், அதனால் காலை சோதனைப் பட்டியலில் டீசலோடு இதையும் எழுதுங்கள். புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி சில நேரம் தன்னைத்தானே சூடாக்கிப் புகைக்கரியை எரிக்கும். அப்போது வரும் புகை கடும் சூடு. காய்ந்த புல், திப்பி மேல் வண்டியை நிறுத்தி பம்ப் ஓட்டாதீர்கள். தீயணைக்கப் போன வண்டியே தீ வைத்தது என்று பெயர் வாங்க வேண்டாம்.

ஏற்காடு வாசகர்: சேர்வராயன் மலையில் கோடையில் எரிகிற காட்டுத்தீக்கு இந்த வண்டி உதவுமா?

ரோட்டோரம் வரைக்கும். உள்ளே வனத்துறை ஆட்களும் பச்சைக் கிளையும் தீத்தடுப்புக் கோடும்தான்.

கல்லூரி மாணவர்: தீயணைப்பு வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது சார்?

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பாருங்கள் தம்பி.

வாசகர்: கடைசியாக ஒன்று. லேலண்டா, டாடாவா?

சிவப்பு.

சேலத்திலிருந்து ஓர் அம்மா: என் பையனுக்குப் புது வண்டியைப் பார்க்க வேண்டுமாம். உள்ளே விடுவார்களா?

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம், 1944-இல் மும்பைத் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. அந்த வாரம் நிலைய அலுவலரிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள் அம்மா. கேபினில் ஏற்றி உட்கார வைப்பார்கள். பேனல் பக்கம் மட்டும் விடாதீர்கள், ஒரு வால்வைத் திறந்துவிட்டு வந்தால் அடுத்த அழைப்புக்குப் போகிறவன் டேங்க் காலி என்பதை அங்கே போய்த்தான் கண்டுபிடிப்பான்.