வீடியோ கேம்களில் தன்பாலீர்ப்பு, திருநர் கதாபாத்திரங்கள் திணிக்கப்படுகிறார்களா?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் சில தமிழ் நண்பர்கள் கூடி விளையாடும்போதும் இந்தக் கேள்வி எழும். கதையோடு ஒட்டாமல் ஒற்றை வசனத்தில் அடையாளத்தை மட்டும் அறிவித்துவிட்டு நகர்ந்தால் அது திணிப்புதான். நல்ல எழுத்து வேறு மாதிரி வேலை செய்கிறது.

2014 பிப்ரவரியில் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்: லெஃப்ட் பிஹைண்ட்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். (இங்கே தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன.) பாழடைந்த வணிக வளாகத்தில் எல்லி, ரைலி என்ற இரு சிறுமிகள். ராட்டினம் ஏறுகிறார்கள், தண்ணீர்த் துப்பாக்கியால் சண்டையிடுகிறார்கள், புகைப்படக் கூண்டில் முகம் கோணுகிறார்கள். எல்லியின் விளையாட்டையெல்லாம் நம் விரல்கள்தான் நடத்துகின்றன. பிறகு நடனமாடும்போது, "போகாதே" என்று கெஞ்சி எல்லி முத்தமிடுகிறாள். அந்த நேரத்தில் நாம் வெறும் பார்வையாளர் இல்லை. ரைலி போய்விடுவாளோ என்ற பதற்றம் நமக்கும் இருக்கிறது. திரைப்படத்தால் இதை இப்படிச் செய்ய முடியாது.

'டெல் மீ வை' (2020) கேமின் டைலர் ஒரு திருநம்பி, அதாவது பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்ட ஆண். ஆனால் கதையின் மையம், அவனும் இரட்டைச் சகோதரி அலிசனும் தாயின் மரணத்தைப் பற்றிய உண்மையைத் தேடுவது. இருவரின் நினைவுகளும் முரண்படும் இடங்களில் எதை நம்புவது என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். சண்டைக் காட்சிகள் இல்லை. புதிதாக விளையாடுபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.